ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

ஒரு யூனிட் கரண்ட் என்ன விலை இருக்கும்? நாலு ரூபாய், ஆறு ரூபாய், மிஞ்சிப் போனால் பத்துப் பன்னிரண்டு ரூபாய் என்பீர்கள். தமிழ்நாட்டில் ஒரே ஒரு யூனிட் 656 ரூபாய் 60 காசுக்கு விற்றிருக்கிறது. ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2017-லிருந்து 2022 செப்டம்பர் வரை நீங்களும் நானும் இ.பி. ஆபீஸ் க்யூவில் நின்று பில் கட்டிய காலம்தான்.

கணக்கு இதோ. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடியிருந்தால், முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட், ரெண்டு ரூபாய் வீதம் 200. மிச்சம் 300 யூனிட், மூணு ரூபாய் வீதம் 900. நிலைக் கட்டணம் 30. ஆகமொத்தம் 1,130 ரூபாய்.

மீட்டர் 501 காட்டினால்? முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் அடுத்த 100-க்கு மூன்றரை ரூபாய். அதற்கடுத்த 300-க்கு 4 ரூபாய் 60 காசு. கடைசி ஒரு யூனிட்டுக்கு 6 ரூபாய் 60 காசு. நிலைக் கட்டணம் 50. கூட்டினால் 1,786 ரூபாய் 60 காசு!

அதாவது, 501-ஐத் தொட்டதும் அதற்கு முன்னால் ஓடிய யூனிட்டுகளின் விலையும் பின்தேதியிட்டு ஏறிவிடும். இப்படியொரு கணக்கு எங்கிருந்து வந்தது? தெரிந்துகொள்ள நியூயார்க் வரை போக வேண்டும்.

1882 செப்டம்பர் 4. மன்ஹாட்டனில் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையத்தை எடிசன் ஓடவிட்டார். விளக்கு எரிந்தது, சரி. காசு எப்படி வாங்குவது? எடுத்தவுடன் வாங்கவில்லை. சப்ளை ஒழுங்காகிற வரைக்கும் ஓசி. 1883 ஜனவரியில்தான் முதல் பில் போனது. வாங்கியது ஒரு பித்தளை-தாமிரக் கம்பெனி. தொகை சுமார் 50 டாலர்.

எடிசனின் மீட்டரில் சக்கரமும் கிடையாது, முள்ளும் கிடையாது. ஒரு ஜாடியில் துத்தநாகக் கரைசல், அதற்குள் ரெண்டு துத்தநாகத் தகடு. கரண்ட் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொன்றில் போய்ப் படியும். மாசா மாசம் ஆள் வந்து தகட்டைக் கழற்றி எடுத்துப்போய் தராசில் எடை போடுவார். எடைதான் பில்! குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடுமே என்று மீட்டருக்குள்ளேயே ஒரு பல்பு வேறு. குளிர் ஏறினால் அது தானாக எரிந்து சூடாக்கும்.

தராசில் நிறுத்து பில் போட்டால் யார் நம்புவார்கள்? எடிசனுக்குப் பணம் போட்ட ஜே.பி.மார்கனே நம்பவில்லை. எடிசன் பிற்பாடு சொன்ன கதை இது. மார்கன் ஆபீஸில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு அட்டை வைத்து, எத்தனை மணி நேரம் எரிந்தது என்று எழுதச் சொன்னார்கள். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மீட்டர் அதிகம் காட்டியது. 'பார்த்தீர்களா, மோசடி!' என்று கிளம்புவதற்குள் எடிசன் துப்பறிந்துவிட்டார். ராத்திரி கூட்டிப் பெருக்க வருகிற ஆள் விளக்குப் போடுகிறார், அவர் கணக்கை யாரும் அட்டையில் எழுதவில்லை. அதையும் சேர்த்ததும் கணக்கு பொருந்தியது. மீட்டர் மேல் சந்தேகம் மீட்டர் பிறந்தபோதே பிறந்தாயிற்று!

1880-களின் கடைசியில் சுழலும் மீட்டர் வந்து, ஜாடியும் தராசும் ஓய்வு பெற்றன. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு அளவு. பிரிட்டனில் வர்த்தக விவகாரங்களைக் கவனித்த அரசுத் துறையின் பெயர் 'போர்டு ஆஃப் டிரேட்'. அதன் பெயரால் அந்த அளவை 'போர்டு ஆஃப் டிரேட் யூனிட்' என்றார்கள். போர்டு போய்விட்டது, டிரேட் போய்விட்டது, 'யூனிட்' மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

அளக்கத் தெரிந்தாயிற்று. விலை வைப்பது எப்படி? இங்கேதான் ஜான் ஹாப்கின்சன் வருகிறார். ஆங்கிலேயர், எஞ்சினியர். 1892-ல் அவர் ஒரு சொற்பொழிவில் சொன்னதன் சாரம் இது: நீங்கள் விளக்கைப் போட்டாலும் போடாவிட்டாலும் மின்நிலையத்தில் பாய்லர் காய வேண்டும், எஞ்சின் தயாராக இருக்க வேண்டும், போட்ட முதலுக்கு வட்டி கட்ட வேண்டும். அந்தச் செலவு தனி. நீங்கள் எரிக்கிற கரண்டுக்கு ஆகும் நிலக்கரிச் செலவு தனி. ஆகவே பில்லிலும் ரெண்டு பாகம் வேண்டும். நமது பில்லில் வந்த 'நிலைக் கட்டணம்' இந்த யோசனையின் பேரப்பிள்ளைதான்.

இதைக் காசாக்கிக் காட்டியது சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்து, எடிசனுக்கு அந்தரங்கக் காரியதரிசியாக இருந்து, 1892-ல் சிகாகோ எடிசன் கம்பெனிக்குத் தலைவரான கில்லாடி. 1894-ல் இங்கிலாந்து போனவர் பிரைட்டன் நகரத்தில் கடைகளெல்லாம் விளக்கால் ஜொலிப்பதைப் பார்த்து அசந்துபோனார். விசாரித்தால், ஆர்தர் ரைட் என்கிற எஞ்சினியர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுக்கிறீர்கள் என்று காட்டும் மீட்டரை வைத்து, அதிக நேரம் எரிப்பவருக்கு யூனிட் விலையைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்சல் அதை அப்படியே சிகாகோவுக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் மட்டும் விளக்கு எரிந்தால் பகலெல்லாம் மிஷின் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற மிஷினுக்கும் வட்டி உண்டே! அதனால் விலையைக் குறைத்தார். இஸ்திரிப் பெட்டி விற்றார். டிராம் கம்பெனிகளை வளைத்துப் போட்டார். நிறைய எரி, குறைவாகக் கொடு. பல பத்தாண்டுகளுக்கு இதுதான் மந்திரம். இன்சல் சாம்ராஜ்யம் 1932-ல் கவிழ்ந்தது. வழக்கில் விடுதலையானாலும், 1938-ல் பாரிஸில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனில் விழுந்து செத்துப்போனார். மந்திரம் அவருக்கு அப்புறமும் பிழைத்திருந்தது.

அதைத் தலைகீழாக்கியது 1973 எண்ணெய் நெருக்கடி. எரிபொருள் விலை எகிறியதும், நிறைய எரிப்பவருக்குத் தள்ளுபடி கொடுப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. 1975-ல் கலிஃபோர்னியா, அத்தியாவசியத் தேவைக்கான முதல் சில யூனிட்டுகள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. குறைவாக எரி, குறைவாகக் கொடு. நமது ஸ்லாப் முறையும் இந்த ஜாதிதான். 2016 மே மாசம் வந்த 100 யூனிட் இலவசம் அதன் உச்சம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் இதில் ரெண்டு ஓட்டை.

முதல் ஓட்டை, நாள். ரெண்டு மாசத்தில் 470 யூனிட் ஓட்டுகிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் பில் 1,040 ரூபாய். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தள்ளி வந்தால் மீட்டர் 501 காட்டும். பில் 1,786! அடுத்த தடவை நாலு நாள் குறையலாம். இந்தத் தடவை போன காசு திரும்பி வராது.

ரெண்டாவது, ஸ்லாப்புக்கு மீட்டரைத்தான் தெரியும், மனிதர்களைத் தெரியாது. தாத்தா பாட்டியோடு எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒரு மீட்டர். ஏ.சி. போட்டுத் தூங்குகிற ஒண்டிக்கட்டைக்கும் ஒரு மீட்டர். எட்டுப் பேர் வீடு 501-ஐத் தாண்டும், ஒண்டிக்கட்டை தாண்டாமல் தப்பிப்பார். வசதியுள்ளவர் மாடிக்கொன்று கீழுக்கொன்று என்று ரெண்டு இணைப்பு வாங்கினால் ரெண்டிலும் சலுகை. நாலு குடித்தனம் ஒரே மீட்டரில் கிடக்கிற ஸ்டோர் வீட்டில், ஏழைக்கென்று கொடுத்த சலுகை ஏழைக்குப் போய்ச் சேராது. அங்கே வீட்டுக்காரர் வைத்ததுதான் ரேட்.

2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. கூடவே வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம் போனது. 500 யூனிட் பில் 1,725 ஆனது. 501-க்கு 1,958. பள்ளம் 656-லிருந்து 233 ரூபாயாகச் சுருங்கியது, மூடவில்லை. அதற்கப்புறமும் கட்டணங்கள் மாறியிருக்கின்றன. ஆகவே உங்கள் பில்லில் எந்த இடத்தில் ரேட் தாவுகிறது என்று ஒரு தடவை கட்டண அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரியமும் செய்யலாம். ரீடிங் எடுத்துப் போன முப்பதாம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்து, சமையலறை காலண்டரில் எண்ணை எழுதுங்கள். பாதி வழியில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் மீதி ஒரு மாசம் உங்கள் கையில். மீட்டர் மேல் சந்தேகம் வந்தாலும் புகார் கொடுக்க அந்தக் காலண்டர்தான் சாட்சி. கோடீஸ்வரர் மார்கனே அட்டை வைத்துக் கணக்கு எழுதச் சொன்னவர். நாம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?