நான்கு எஞ்சினும் இரண்டு எஞ்சினும்

ஏர்பஸ் ஏ340-600, போயிங் 777-300ஈஆர். இரண்டுமே முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, வழியில் இறங்காமல் கண்டம் தாண்டுபவை. ஏர்பஸ் 2002-லேயே சேவைக்கு வந்துவிட்டது. போயிங் வந்தது 2004-ல். முந்தி வந்ததுதான் சந்தையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் ஏ340-600 விற்றது 97. 777-300ஈஆர் எண்ணூறைத் தாண்டியது.

இவ்வளவு இடைவெளிக்கு முதல் காரணம் ஒரு விதி. இரண்டே எஞ்சின் உள்ள விமானம் வழியில் ஏதாவதொரு விமான நிலையத்துக்கு 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. பெருங்கடலை நேராகக் கடக்க மூன்று அல்லது நான்கு எஞ்சின் தேவை. அந்தக் கணக்கில் உருவானதுதான் ஏ340. எஞ்சின்களின் நம்பகம் கூடக்கூட விதி தளர்ந்தது: 1985-ல் 120 நிமிடம், பிறகு 180. 777 ரகம் 1995-ல் சேவைக்கு வந்தபோதே அமெரிக்காவில் 180 நிமிட அனுமதியோடு வந்தது. நீண்ட பயணத்துக்கு நான்கு எஞ்சின்தான் என்று விர்ஜின் அட்லாண்டிக் தன் ஏ340 விமானங்களின் உடம்பிலேயே எழுதிப் பறக்கவிட்டது. பயணிக்கு அது தெம்பளித்திருக்கலாம். விமானம் வாங்குபவர் பயணி அல்லவே.

வாங்குபவர் பார்ப்பது எரிபொருளும் பராமரிப்பும். 777-300ஈஆரின் ஜிஇ90-115பி எஞ்சின் ஒன்றின் உந்துவிசை 1,15,000 பவுண்டு. ஏ340-600-ல் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 500 தருவது ஏறத்தாழ அதில் பாதி. ஆக, நான்கு செய்யும் வேலையை இரண்டு செய்கின்றன. கழற்றிப் பழுதுபார்க்க வேண்டியவையும் பாதி. போதாக்குறைக்கு, ஏர்பஸ் கனமானது: புறப்படும்போது அதன் உச்ச எடை 368 டன், போயிங்குக்கு 351. எண்ணெய் விலை ஏறிய ஆண்டுகளில் இந்தக் கணக்கை எந்த நிறுவனமும் கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை.

ஏ340 மோசமான விமானம் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வரிசைகளில் இரண்டிரண்டு இருக்கைதான். தம்பதிகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? அதன் பலம் என நினைத்ததே விதி மாறியதும் சுமையாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏர்பஸ் 2011-ல் ஏ340-க்கு முற்றுப்புள்ளி வைத்தது. எல்லா ரகமும் சேர்த்து 377. முதல் ஏ340-உடன் ஒரே இறக்கை வடிவத்தில் பிறந்த இரட்டை எஞ்சின் தம்பி ஏ330 மட்டும் 1,500-ஐத் தாண்டி விற்றிருக்கிறது.