ஹாலிவுட் காட்டு சாகசத் திரைப்படங்கள்

ஹாலிவுட் காட்டு சாகசத் திரைப்படங்கள் என்பவை ஆப்பிரிக்க, ஆசிய, தென் அமெரிக்கக் காடுகளைக் கதைக்களமாகக் கொண்டு, 1930 முதல் 1950களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் குறைந்த செலவில் தயாரிக்கப்பட்ட திரைப்படங்கள் ஆகும். டார்சான் படங்களின் வெற்றியைத் தொடர்ந்து இவை பெருகின. இவற்றுள் பெரும்பாலானவை கலிபோர்னியாவை விட்டு வெளியே செல்லாமலேயே எடுக்கப்பட்டன. ஒரே குழுவைச் சேர்ந்த குணச்சித்திர நடிகர்கள் படத்துக்குப் படம் வேறு பெயர்களில் தோன்றியது இவ்வகைப் படங்களின் முக்கிய அடையாளமாகும்.

தோற்றம்

மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் தயாரித்து, டபிள்யூ. எஸ். வான் டைக் இயக்கிய டிரேடர் ஹார்ன் (1931) இவ்வகைக்கு ஒரு முன்னோடியாகும். இதற்காகப் படக்குழுவினர் ஆப்பிரிக்காவுக்கே சென்று படம்பிடித்தனர். அப்படத்தில் பயன்படாமல் எஞ்சிய காட்சிகள், அதே இயக்குநரின் டார்சான் தி ஏப் மேன் (1932) திரைப்படத்தில் சேர்க்கப்பட்டன. அப்படத்தில் நடித்த யானைகள் ஆசிய யானைகள் ஆகும். அவை ஆப்பிரிக்க யானைகளாகத் தோன்றுவதற்காகப் பெரிய செயற்கைக் காதுகள் பொருத்தப்பட்டன. ஒருமுறை எடுத்த காட்சியை மீண்டும் பயன்படுத்துவதும், அருகில் கிடைப்பதைக் கொண்டு தொலைவில் உள்ளதைக் காட்டுவதும் இதற்குப் பின் வந்த மலிவுப் படங்களின் அடிப்படை முறைகளாயின.

இதற்குச் சற்று முன் வெளிவந்த இன்காகி (1930), காங்கோவில் எடுக்கப்பட்ட உண்மை ஆவணப்படம் என விளம்பரப்படுத்தப்பட்டது. அதன் பல காட்சிகள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் எடுக்கப்பட்டவை என்பதும், அதில் வரும் கொரில்லா வேடமணிந்த ஒரு நடிகர் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1933இல் இவ்விளம்பரத்துக்கு எதிராக ஆணை பிறப்பித்தது.

தயாரிப்பு முறை

அக்காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்களைத் திரையிடுவது வழக்கம். முதன்மைப் படத்துக்கு வசூலில் குறிப்பிட்ட விழுக்காடு பங்காக வழங்கப்பட்டது. இரண்டாவது படத்துக்குப் பொதுவாக நிலையான வாடகை மட்டுமே கிடைத்தது. எனவே இரண்டாவது படம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதன் வருவாய் பெரிதும் உயராது. செலவைக் குறைத்தால் மட்டுமே இலாபம் கூடும். காட்டுப் படங்களின் பல இயல்புகளுக்கு இக்கணக்கே காரணம் எனலாம்.

செலவைக் குறைக்கப் பின்வரும் வழிகள் கையாளப்பட்டன:

* சேமிப்புக் காட்சிகள்: பழைய பயணப் படங்களில் இருந்து விலங்குகள், ஆறுகள், கிராமங்கள் ஆகியவற்றின் காட்சிகள் எடுத்துச் சேர்க்கப்பட்டன. ஆப்பிரிக்கா ஸ்பீக்ஸ் (1930) என்னும் படத்தின் காட்சிகள் இவ்வாறு பலமுறை பயன்பட்டன. நடிகர் தொலைவில் எதையோ பார்ப்பார். அடுத்த காட்சியில் இருபது ஆண்டுகளுக்கு முன் படம்பிடிக்கப்பட்ட சிங்கம் தோன்றும்.
* அருகிலுள்ள படப்பிடிப்பு இடங்கள்: லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அருகே ஆர்கேடியாவில் உள்ள தாவரத் தோட்டமும், நடிகர் ரே காரிகனுக்குச் சொந்தமான காரிகன்வில் பண்ணையும் காடுகளாகக் காட்டப்பட்டன.
* பொது அரங்கம்: ஒரே அரங்க அமைப்பு பல படங்களுக்குப் பயன்பட்டது. ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் கிங் காங் (1933), தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம் (1932) ஆகிய இரண்டிலும் வருவது ஒரே காட்டு அரங்கமாகும்.

முக்கியத் தொடர்கள்

ஜங்கிள் ஜிம்: அலெக்ஸ் ரேமண்டின் படக்கதையைத் தழுவிய இத்தொடரைக் கொலம்பியா நிறுவனத்துக்காகச் சாம் காட்ஸ்மன் தயாரித்தார். 1948 முதல் 1955 வரை 16 படங்கள் வெளிவந்தன. ஒலிம்பிக் நீச்சல் வீரரும் முன்னாள் டார்சானுமான ஜானி வெய்ஸ்முல்லர் நாயகனாக நடித்தார். கதைமாந்தரின் உரிமை தொலைக்காட்சிக்குச் சென்றதால், கடைசி மூன்று படங்களில் நாயகனின் பெயர் "ஜானி வெய்ஸ்முல்லர்" என மாற்றப்பட்டது. மற்றபடி கதையமைப்பில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

பொம்பா: ராய் ராக்வுட் என்னும் புனைபெயரில் வெளியான சிறுவர் புதினங்களைத் தழுவியது. மோனோகிராம் நிறுவனமும், பின்னர் அலைடு ஆர்ட்டிஸ்ட்ஸ் எனப் பெயர் மாறிய அதே நிறுவனமும் 1949 முதல் 1955 வரை 12 படங்களை வெளியிட்டன. டார்சான் படங்களில் வளர்ப்பு மகனாக நடித்த ஜானி ஷெபீல்ட் இதில் நாயகன் ஆனார். 12 படங்களையும் போர்ட் பீபி இயக்கினார். தயாரிப்பாளர் வால்டர் மிரிஷ் பிற்காலத்தில் இன் தி ஹீட் ஆஃப் தி நைட் (1967) படத்துக்காகச் சிறந்த திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றார்.

குணச்சித்திர நடிகர்கள்

இப்படங்களில் நாயகன் பேசும் வசனம் குறைவு. கதையை நகர்த்தும் பொறுப்பு அதிகாரி, வணிகர், வழிகாட்டி, பழங்குடித் தலைவர் ஆகிய துணை வேடங்களையே சார்ந்திருந்தது. இவ்வேடங்களைத் திறம்பட ஏற்ற பலர் இன்று அதிகம் அறியப்படவில்லை.

* லெனார்ட் மூடி: இங்கிலாந்தில் பிறந்தவர். பொம்பா தொடரின் பல படங்களில் துணை ஆணையர் பார்ன்ஸ் வேடத்தில் நடித்தார்.
* சார்லஸ் ஜெமோரா: பிலிப்பீன்சில் பிறந்த ஓவியர், ஒப்பனைக் கலைஞர். கொரில்லா உடைகளைத் தாமே வடிவமைத்து அணிந்து நடித்தார். இன்காகி படத்தின் கொரில்லா இவரே.
* ரே காரிகன்: கௌபாய் பட நாயகன். தம் சொந்தக் கொரில்லா உடைகளுடன் பல படங்களில் நடித்தார். 1940களின் இறுதியில் அவ்வுடைகளை ஸ்டீவ் கால்வர்ட் என்பவருக்கு விற்றார். அதன்பின் கால்வர்ட் ஹாலிவுட்டின் கொரில்லா நடிகர் ஆனார்.
* நோபிள் ஜான்சன்: கறுப்பினத்தவரைக் கண்ணியமாகச் சித்தரிக்கும் படங்களைத் தயாரிப்பதற்காக 1916இல் லிங்கன் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1918இல் அதிலிருந்து விலகினார். 1933இல் கிங் காங் படத்தில் தீவின் பழங்குடித் தலைவராக நடித்தார். எத்தகைய சித்தரிப்புக்கு மாற்றாக அந்நிறுவனம் தொடங்கப்பட்டதோ, அத்தகைய வேடத்தின் மூலமே இவர் இன்று நினைவுகூரப்படுகிறார்.
* உடி ஸ்ட்ரோட்: 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்தின் தேசியக் கூட்டமைப்பில் நிலவிய நிறத்தடையைத் தகர்த்தவர்களுள் ஒருவர். தி லயன் ஹண்டர்ஸ் (1951) முதலிய பொம்பா படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். 1960இல் ஸ்பார்டகஸ் படத்தில் அடிமை வீரன் டிராபாவாக நடித்துப் புகழ்பெற்றார். அதே ஆண்டில் ஜான் போர்ட் இயக்கிய சார்ஜன்ட் ரட்லெட்ஜ் படத்தில் தலைப்பு வேடம் ஏற்றார்.

சேலத்தில் ஒரு காட்டுப் படம்

இவ்வகைப் படங்களுக்குத் தமிழ்நாட்டுடன் நேரடித் தொடர்பு உண்டு. ஜங்கிள் ஜிம் தொடரின் முதற்படத்தை இயக்கிய வில்லியம் பெர்க், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரத்துடன் இணைந்து தி ஜங்கிள் (1952) என்னும் படத்தை உருவாக்கினார். இது தமிழில் காடு என்னும் பெயரில் வெளியானது. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்களுடன் எம். என். நம்பியாரும் நடித்தார். தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இதன் தயாரிப்பில் பங்கேற்றார். டிரேடர் ஹார்ன் படத்தின் ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னாவே இதற்கும் ஒளிப்பதிவு செய்தார்.

காட்டு யானைகள் ஊர்களைத் தாக்குவதற்கான காரணத்தைத் தேடிச் செல்லும் குழுவினர், அழிந்துவிட்டதாகக் கருதப்படும் மாமூத யானைகளைக் காண்பதே கதை. மாமூதங்களாக நடித்தவை உரோமப் போர்வை அணிவிக்கப்பட்ட யானைகள் ஆகும். இருபது ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் ஆசிய யானைக்கு ஆப்பிரிக்கக் காது பொருத்திய அதே உத்தி, யானையின் சொந்த நாட்டிலேயே மீண்டும் கையாளப்பட்டது குறிப்பிடத்தக்கது.

விமர்சனம்

இப்படங்களில் ஆப்பிரிக்கா பல நாடுகளும் மொழிகளும் கொண்ட கண்டமாக அன்றி, ஒரே காடாகக் காட்டப்பட்டது. உள்ளூர் மக்கள் அச்சமூட்டுபவர்களாகவோ வெள்ளையருக்குச் சுமை தூக்குபவர்களாகவோ சித்தரிக்கப்பட்டனர். வெள்ளை நடிகர்கள் பழங்குடியினராக நடிப்பதும் வழக்கமாக இருந்தது. ஜங்கிள் மேன்ஹண்ட் (1951) படத்தில் பழங்குடித் தலைவராக நடித்த ரிக் வாலின் இதற்கு எடுத்துக்காட்டு. சேமிப்புக் காட்சிகளும் இக்குறையை வலுப்படுத்தின. 1930இல் பதிவான ஆப்பிரிக்காவே 1950களின் சிறுவர்களுக்கும் நிகழ்கால ஆப்பிரிக்காவாகக் காட்டப்பட்டதால், அங்கு இடைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் எவையும் திரையில் தோன்றவில்லை.

வீழ்ச்சி

1950களில் தொலைக்காட்சி பரவியதால் இரண்டாவது படத்தின் தேவை குறைந்தது. ராமர் ஆஃப் தி ஜங்கிள் (1952-1954), ஷீனா (1955-1956) போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் இதே கதைகளை வீட்டுக்கே கொண்டுவந்தன. ஜங்கிள் ஜிம், பொம்பா ஆகிய இரு தொடர்களும் 1955இல் முடிவுற்றன. இரண்டு ஆண்டுகளில், 1957இல் கானா விடுதலை பெற்றது. ஆப்பிரிக்க நாடுகள் பற்றிய செய்திகள் உலகெங்கும் நாள்தோறும் வெளிவரத் தொடங்கின. பொம்பா படங்கள் 1962இல் சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். தொலைக்காட்சியில் சிம் பொம்பா என்னும் பெயரில் மறு ஒளிபரப்புச் செய்யப்பட்டு, மேலும் ஒரு தலைமுறைச் சிறுவர்களைச் சென்றடைந்தன.