கெர்னலைக் கட்டியவர்களும் மாட்யூல்களும்

செயலி, நினைவகம், வட்டு முதலிய வன்பொருள்களை ஆண்டு, அவற்றை மற்ற நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் இயங்குதளத்தின் மையப்பகுதியே கெர்னல் எனப்படும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், மூலநிரலாகவே கைமாறியமையால், அதை இயந்திரமொழிக்கு மாற்றிக்கொள்ளும் பணியான கம்பைல் செய்தலும் பயனருக்குப் பழக்கமான வேலையாயிற்று. வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் உட்பட அனைத்தையும் ஒரே நிரலாகக் கட்டும் இவ்வமைப்பு காலத்துக்கு ஒவ்வாதது என்று 1992 ஜனவரியில் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ டானென்பாம் கண்டித்தபோதும், டோர்வால்ட்ஸ் அதைக் கைவிடவில்லை.

இவ்வமைப்பின் சுமை விரைவிலேயே வெளிப்பட்டது. 1994 மார்ச்சில் வந்த 1.0 பதிப்பு 1,76,250 வரிகளைக் கொண்டிருந்தது. கெர்னல் பிடிக்கும் நினைவகத்தை வட்டுக்கு மாற்ற இயலாது என்பதால், சில மெகாபைட் நினைவகமே கொண்ட அன்றைய கணினிகளில் தேவையற்ற ஒவ்வொரு டிரைவரும் வீண்செலவாக இருந்தது. எனவே ‘மேக் கான்ஃபிக்’ என்ற கட்டளை வரிசையாகத் தொடுக்கும் கேள்விகளுக்குத் தம் கணினியின் உறுப்புகளை அறிந்து விடையளிப்பதும், கட்டிய கெர்னலைத் தொடக்க நிரலான லிலோவில் பதிவதும் பயனரின் பொறுப்பாயின. சுருக்கப்பட்ட கெர்னல் கோப்பும் நினைவகத்தின் முதல் 640 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது; பின்னர் வந்த ‘பிஇசட்இமேஜ்’ வடிவமே அவ்வரம்பை நீக்கியது.

கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்க்கவும் நீக்கவும் கூடிய நிரல்துண்டுகளான மாட்யூல்கள், 1990களின் முற்பகுதியில் இதற்கு மாற்றுவழி திறந்தன. ‘இன்ஸ்மாட்’ ஒரு மாட்யூலை ஏற்றியது, ‘ஆர்எம்மாட்’ இறக்கியது. எந்த மாட்யூல் எதைச் சார்ந்துள்ளது என்பதை ‘டெப்மாட்’ பட்டியலிட, ‘மாட்புரோப்’ அப்பட்டியலைக் கொண்டு சார்ந்தவற்றையும் சேர்த்து ஏற்றியது. ஆயினும் ஏற்றப்பட்ட மாட்யூல் கெர்னலின் முகவரிப் பரப்பிலேயே இயங்கியதால், அதன் பிழை முழு அமைப்பையும் வீழ்த்தக்கூடியதாகவே இருந்தது. அவ்வகையில் டானென்பாமின் கண்டனத்துக்கு இது விடையாகவில்லை.

மாட்யூலின் வரலாற்று விளைவு வேறிடத்தில் அமைந்தது. தேவை எழும்போது மாட்யூலைத் தானே வரவழைக்கும் ‘கெர்னெல்டி’ என்ற துணைநிரல் 1996இன் 2.0 பதிப்பில் இடம்பெற்றது, 1999இன் 2.2 பதிப்பில் அதன் பணியைக் கெர்னலுக்குள்ளேயே அமைந்த ‘கேமாட்’ ஏற்றது. வட்டைத் திறப்பதற்கான மாட்யூல்களையும் ‘இனிட்ஆர்டி’ என்னும் தற்காலிக நினைவக வட்டிலிருந்து பெற முடிந்தபோது, லினக்ஸைத் தொகுத்துத் தரும் ரெட் ஹாட், டெபியன் போன்ற வழங்கல்கள் பெரும்பாலான டிரைவர்களை மாட்யூல்களாக இணைத்த பொதுக் கெர்னல் ஒன்றையே அனைவருக்கும் தர இயன்றது. எதைச் சேர்ப்பது என்ற முடிவு பயனரிடமிருந்து வழங்குவோரிடம் இடம்பெயர்ந்தது.

அந்த முடிவுடன் நம்பகம் பற்றிய வினாவும் வந்தது. மூலநிரல் வெளியிடப்படாத மாட்யூல் ஏறினால் கெர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ எனக் குறித்துக்கொள்ளும் வழக்கம் 2.4 வரிசையில் ஏற்பட்டது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பு, மின்னொப்பமில்லாத மாட்யூல்களை மறுக்கும் வசதியைச் சேர்த்தது. நினைவகத்தை மிச்சப்படுத்தத் தொடங்கிய தனிக்கெர்னல் கட்டுதல், இக்காலத்தில் உட்பொதி கருவி செய்வோருக்கும், கெர்னல் ஆய்வாளருக்கும், ஒப்பமிடும் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் உரிய பணியாக எஞ்சியுள்ளது.