முடக்குவாதம்: மூட்டுக்குள் பி செல்களின் பங்கு என்ன?

கை, கால்களின் சிறு மூட்டுகளை வீங்கச் செய்து, உரிய சிகிச்சை இல்லாவிடில் எலும்பையும் குருத்தெலும்பையும் அரித்துவிடும் நோய் முடக்குவாதம். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் திசுக்களையே தாக்குவதால் இது ஏற்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகப் பாதிக்கும் இந்நோயில், பி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் முக்கியப் பங்கு வகிக்கின்றன.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் பி செல்களின் இயல்பான பணி, கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்குவதாகும். முடக்குவாதத்தில் அவை உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே அவற்றை உருவாக்குகின்றன. இவ்வகையில் முதலில் அறியப்பட்ட ருமட்டாய்டு காரணி குறித்து, நார்வே மருத்துவர் எரிக் வாலர் 1940-ஆம் ஆண்டில் அறிவித்தார். சிட்ருலின் சேர்ந்த புரதங்களைத் தாக்கும் மற்றொரு வகை எதிர்ப்பொருள், வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் காணப்படலாம்.

பாதிப்பு ரத்தத்துடன் நின்றுவிடுவதில்லை. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு தடித்து, அதனுள் பி செல்கள் குடியேறுகின்றன. சில நோயாளிகளிடம் அவை டி செல்களுடன் திரண்டு, நிணநீர்க் கணுக்களைப் போன்ற அமைப்புகளையே மூட்டுக்குள் ஏற்படுத்துகின்றன. அங்கு எதிர்ப்பொருள் உற்பத்தியாவதுடன், டி செல்கள் தூண்டப்படுகின்றன. அழற்சியை வளர்க்கும் வேதிப்பொருள்களும், எலும்பை அரிக்கும் செல்களை ஊக்குவிக்கும் பொருள்களும் சுரக்கின்றன.

பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து, முதலில் நிணநீர்ப் புற்றுநோய்க்காக 1997-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2006-இல் முடக்குவாதத்திற்கும் அங்கு ஒப்புதல் கிடைத்தது. எனினும், எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்களை இம்மருந்து நேரடியாக அழிப்பதில்லை. அனைவருக்கும் இது ஒரே அளவில் பலனளிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மூட்டுச் சவ்வின் நிலையும் இதில் முக்கியமானது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் தலைமையேற்ற ஆய்வின் முடிவுகள் 2021-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. முந்தைய சிகிச்சை போதிய பலன் தராத 164 நோயாளிகளிடம் சவ்வுத் திசு எடுத்துப் பரிசோதிக்கப்பட்டது. மரபணுச் செயல்பாட்டின் அடிப்படையில் பி செல்கள் குறைவாக இருந்தவர்களில், ரிட்டுக்சிமாப் பெற்ற 36 சதவீதத்தினருக்கே 16 வாரங்களில் குறிப்பிடத்தக்க பலன் கிடைத்தது. வேறு வழியில் செயல்படும் டோசிலிசுமாப் பெற்றவர்களில் இது 63 சதவீதமாக இருந்தது. நுண்ணோக்கி வழியாக மட்டும் வகைப்படுத்தியபோது இவ்வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

மூட்டுத் திசுப் பரிசோதனை இன்னும் வழக்கமான நடைமுறையாகவில்லை. ஆயினும், பலனளிக்காத மருந்தில் கழியும் மாதங்களில் அரிக்கப்படும் எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆகவே, காலையில் நீண்ட நேரம் விறைப்புடன் கூடிய மூட்டு வீக்கம் சில வாரங்கள் நீடித்தால், மூட்டுநோய் மருத்துவரைத் தாமதமின்றி அணுகுவது அவசியம்.