கொஞ்சம் ஏறிப்போன பஞ்சமம்

போன வாரம் ஒரு ராத்திரி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு 'ச'வையும் ஒரே ஒரு 'ப'வையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ச 200 ஹெர்ட்ஸ். ப 300 இருக்க வேண்டிய இடத்தில் 301.2. இதில் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டரைத் தடவை அலையடிக்கிறது. தம்பூராவில் இப்படிக் கேட்டால் எந்தப் பாட்டு வாத்தியாரும் பாடத்தை நிறுத்திவிட்டு பிருடையைத் திருகப் போய்விடுவார்.

பொதுவாக பஞ்சமத்தை ஒரு துளி இறக்கத்தான் செய்வார்கள். சுத்தமான பஞ்சமம் 702 சென்ட். பன்னிரண்டை அடுக்கினால் ஏழு ஸ்தாயியைத் தாண்டி 23.5 சென்ட் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பங்குபோட்டுக் குறைத்த 700தான் நம் வீட்டு கீபோர்டில் இருப்பது.

இந்த ஏறிய பஞ்சமம் முளைத்தது நம் 22 சுருதியிலிருந்துதான். முளைத்த இடம் இங்கிலாந்து. ஸ்தாயிக்கு 53 ஸ்வரம் வைத்து ஆர்மோனியம் செய்யவைத்த ராபர்ட் பாசன்கெட், 1877இல் ராயல் சொசைட்டிக்கு 'இந்து' ஸ்தாயிப் பிரிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 22 சுருதியையும் சம அளவாக எடுத்துக்கொண்டால் என்ன வரும் என்று கணக்குப் போட்டார். ஒரு சுருதி 54.5 சென்ட். ச-ப இடைவெளி நாட்டிய சாஸ்திரத்தின்படி 13 சுருதி. பெருக்கினால் 709.

ஆளைக் கிண்டலடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதே கணக்கில் 7 சுருதி காந்தாரம் 382இல் நிற்கிறது. இயற்கையான 386க்கு கீபோர்டின் 400ஐவிட எவ்வளவோ பக்கம். தடுக்கியது 'சமம்' என்ற ஒரே சொல்லில். பரதர் எண்ணிக்கை சொல்கிறார். விகிதம் எதுவும் தருவதில்லை.

நாற்பது வருஷம் கழித்து தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 22 என்ற எண்ணையே தூக்கிப் போட்டார். ச-ப, ச-ப என்று பன்னிரண்டு தடவை போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 22இல் அது நடக்காது. சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் காட்டி, சுருதி 24, எல்லாம் சமம் என்று 1917இல் 'கருணாமிர்த சாகரம்' போட்டார். சித்த வைத்தியத்தில் சம்பாதித்த காசையெல்லாம் இசை ஆராய்ச்சியில் கொட்டிய மனுஷர். வேடிக்கை என்னவென்றால், தமிழிசையின் தொன்மைக்காக மல்லுக்கட்டியவர் வந்து நின்ற பஞ்சமம் பியானோவின் அதே 700!

எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை. நம் சங்கீதத்தை நம் நூல்களை வைத்தே அளப்பேன் என்று கிளம்பியவர். ஆனால் 'சமம்' அவரையும் விடவில்லை.

அன்று ராத்திரி அவருடைய ப-வையும் போட்டுப் பார்த்தேன், 299.66. ஒன்றரை நொடிக்கு ஒரு அலை, மெல்ல வந்து போனது. கடைசியாக 300. அலை நின்றுவிட்டது.