சில மணி நேரமே நடப்பில் இருந்த ஓர் ஆணை

2024 ஆகஸ்ட் 1 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆணை வெளிவந்தது. பேரிடர் நிவாரணத்துக்குப் பொறுப்பான உயரதிகாரி, மாநில அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு அனுப்பியது அது. வயநாட்டின் மேப்பாடி ஊராட்சிக்கு எந்த அறிவியல் நிறுவனமும் களப்பயணம் மேற்கொள்ளக் கூடாது. ஆய்வு செய்ய விரும்புவோர் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முன் அனுமதி பெற வேண்டும். அறிவியலாளர்கள் தம் கருத்துகளையும் ஆய்வறிக்கைகளையும் ஊடகங்களுடன் பகிர்வதைத் தவிர்க்க வேண்டும். அதன் சாரம் இவ்வளவே. முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு புதைத்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. இறந்தோர் எண்ணிக்கை பின்னர் 200-ஐத் தாண்டியது.

கண்டனம் எழுந்தது. அன்றிரவே, அரசுக்கு அப்படியொரு கொள்கை இல்லை என்று முதலமைச்சர் தெரிவித்தார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. இந்த நிகழ்வைப் பலர் மறந்திருக்கக்கூடும். என்னால் இயலவில்லை. நிலவியல் பயிலும் நண்பர் ஒருவர் அன்று தொலைக்காட்சி உரையாடல் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஆணையின் செய்தி கண்டதும் கைப்பேசியை அணைத்துவிட்டார். அது திரும்பப் பெறப்பட்ட செய்தி வந்த பிறகும் அவர் எந்த உரையாடலுக்கும் செல்லவில்லை. "ஆய்வேடு இன்னும் முடியவில்லையே" என்றார். அந்த ஆணையின் உண்மையான ஆயுள் எவ்வளவு என்பதை அந்தச் சொற்களிலிருந்து அறிந்துகொண்டேன்.

ஆணையின் ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள் உயிர்களைத் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஆய்வுக் குழுக்கள் திரள்வது மீட்புப் பணிக்கு இடையூறு. ஆகவே களத்திற்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால், கருத்துச் சொல்வதைக் கட்டுப்படுத்துவது முற்றிலும் வேறு செயல். இவ்விரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளாக இடம்பெற்றதுதான் கவனத்திற்குரியது.

இதைத் தனித்த நிகழ்வாகக் கொள்வது பிழை. இதற்கு முன்னே நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

சைலன்ட் வேலியில் குந்திப்புழாவின் குறுக்கே நீர்மின் அணை கட்ட 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. 1976-இல் அமைக்கப்பட்ட மத்தியப் பணிக்குழு, திட்டத்தைக் கைவிடுவதே நன்று என்றது. தவிர்க்க இயலாதெனில் பின்பற்ற வேண்டிய 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தது. மாநில அரசு முதல் வாக்கியத்தை விடுத்து இரண்டாவதைப் பற்றிக்கொண்டது. அந்நிலையில், 1979-இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. உயிரியலாளர் எம்.கே. பிரசாத், பொறியாளர் எம்.பி. பரமேஸ்வரன், பொருளியலாளர் கே.பி. கண்ணன் உள்ளிட்ட ஐவர் எழுதியது அது. அரசின் கணக்கை அவர்கள் உணர்ச்சியால் எதிர்கொள்ளவில்லை; மற்றொரு கணக்கால் எதிர்கொண்டனர். அணை எழுவதற்கு முன்பே அது மக்கள் கையில் இருந்தது. நெடிய விவாதத்துக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனி, காலம் தவறியதன் கதை. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு 2011 ஆகஸ்ட் 31 அன்று தன் அறிக்கையை மத்திய அரசிடம் அளித்தது. வைத்திரி வட்டத்தை அது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. மேப்பாடி அந்த வட்டத்தைச் சேர்ந்தது. பரிந்துரைகளைக் கிராம சபைகள் விவாதித்தே முடிவெடுக்க வேண்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. ஆனால், விவாதிக்க வேண்டியவர்களுக்கு அறிக்கையே கிடைக்கவில்லை. கேரளத்தைச் சேர்ந்த குடிமகன் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைக் கேட்டபோது, அரசின் அறிவியல், பொருளாதார நலன்கள் பாதிக்கப்படும் எனக் காரணம் கூறப்பட்டது. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் அதை வெளியிடுமாறு பணித்தது. அமைச்சகம் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. மே 17 அன்று அங்கும் தோற்றது. அதன் பின்னரே அறிக்கை வெளிவந்தது. அந்த ஒன்பது மாத வெற்றிடத்தை வதந்தி நிரப்பியிருந்தது. நிலம் பறிபோகும் என்ற அச்சம் மலையோரக் குடியிருப்புகளில் வேரூன்றிய பிறகு அறிக்கையைப் படிக்க எவருக்குப் பொறுமை இருக்கும்?

கஸ்தூரிரங்கன் குழு பாதுகாப்புப் பரப்பை ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைத்தது. அதன் அடிப்படையில் 2014 முதல் வரைவு அறிவிக்கைகள் வந்துகொண்டேயிருந்தன. ஆறாவது வரைவு வெளியான நாள் 2024 ஜூலை 31, நிலச்சரிவின் மறுநாள்.

இது ஒரு கட்சியின் குறை அன்று. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரம் 12 நாள்களில் 5.4 செ.மீ. தாழ்ந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உடனே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஊடகங்களுடன் தகவல் பகிர வேண்டாமென நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிக்கையும் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. தில்லியில் அன்று ஒரு கட்சி, 2012-இல் மற்றொரு கட்சி, திருவனந்தபுரத்தில் வேறொரு கட்சி. காரணமாகச் சொல்லப்பட்டவை வேறு; வேண்டப்பட்ட மௌனம் ஒன்றே.

நம் நாட்டில் மாற்றுக் கருத்தைப் பொய்யென்று எவரும் பெரும்பாலும் வாதிடுவதில்லை. "இப்போது வேண்டாம்" என்றே சொல்கின்றனர். தணிக்கை இங்கே காலத்தின் மீது செலுத்தப்படுகிறது. முடிவெடுக்கும் முன் சொன்னால் அது எச்சரிக்கை. புதைந்த பின் சொன்னால் வெறும் இரங்கலுரை. சைலன்ட் வேலிக்கும் மேப்பாடிக்கும் உள்ள வேறுபாடு அறிவின் அளவில் இல்லை. அந்த அறிவு எந்த நாளில் மக்களை வந்தடைந்தது என்பதில் இருக்கிறது.

ஆய்வு மாணவர்களான நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஆணையைத் திரும்பப் பெற அரசுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. நம்முள் படிந்த தயக்கத்தைத் திரும்பப் பெற நமக்கு எவ்வளவு காலம் ஆகும்?