சிங்கப்பூர் கம்பிவட ஊர்தி

ரோப் கார் என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குப் பழனி மலைதான் நினைவுக்கு வரும். படியேற முடியாதவர்களைச் சன்னிதிக்குக் கொண்டுசேர்க்கும் வண்டி அது. நகரத்தின் நடுவே, கப்பல்கள் போய்வரும் கடற்காலின் மேலாகச் செல்லும் கம்பிவட ஊர்தி வேறு வகையைச் சேர்ந்தது. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் 1974 பிப்ரவரி 15 அன்று அத்தகைய ஊர்தியை அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தொடங்கிவைத்தார். மவுண்ட் ஃபேபர் குன்றிலிருந்து கெப்பல் துறைமுகத்தைக் கடந்து செந்தோசா தீவுக்குச் செல்லும் பாதை இது.

செந்தோசாவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. மலாய் மொழியில் ‘மாத்தி’ என்றால் சாவு. ஆங்கிலேயர் காலத்தில் பீரங்கிகள் நிறுத்தப்பட்ட இராணுவத் தீவு அது. சுற்றுலாத் தலமாக மாற்ற முடிவு செய்தபின் 1972இல் செந்தோசா என்ற பெயர் சூட்டப்பட்டது. நாம் சொல்லும் ‘சந்தோஷ’த்தின் அதே வடமொழி வேரிலிருந்து மலாய்க்குப் போன சொல், அங்கே அமைதி என்று பொருள்படும். தீவுக்கு அப்போது பாலம் கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது கம்பியில் தொங்கிக்கொண்டு போகவேண்டும். எனவே முதல் 18 ஆண்டுகள் இந்த ஊர்தி வேடிக்கைச் சவாரியாக மட்டும் இல்லை, போக்குவரத்தாகவும் இருந்தது.

இயங்கும் முறையை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. குவாஹாட்டியில் பிரம்மபுத்திராவின் மேல் 2020இல் தொடங்கிய ஊர்தியில் இரண்டு பெரிய பெட்டிகளே உண்டு. ஒன்று போகும்போது மற்றது வரும், கிணற்று இராட்டினத்தின் இரு வாளிகளைப் போல. சிங்கப்பூரில் இருப்பது சுழல்முறை. எஃகுக் கம்பிவடம் நிற்காமல் வளையமாக ஓடிக்கொண்டே இருக்கும். பல சிறு பெட்டிகள் அதைக் கவ்விக்கொண்டு வரிசையாக நகரும். இந்த அமைப்பில் ஓரிடத்தில் கம்பி சிக்கினால் எல்லாப் பெட்டிகளும் பாதிக்கப்படும்.

அப்படித்தான் நடந்தது. 1983 ஜனவரி 29, சனிக்கிழமை மாலை சுமார் 6 மணி. எனிவெட்டாக் என்ற எண்ணெய் துளைக்கும் கப்பலை இழுவைப் படகுகள் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுசென்றன. அதன் துளைகோபுரத்தின் உச்சி நீர்மட்டத்திலிருந்து 69 மீட்டர். கம்பிவடமோ அதைவிடத் தாழ்வாக இருந்தது. கோபுரம் கம்பியில் மாட்டி இழுத்ததில் இரண்டு பெட்டிகள் 55 மீட்டர் உயரத்திலிருந்து கடலில் விழுந்தன. 7 பேர் இறந்தனர். மேலும் 13 பேர் நான்கு பெட்டிகளில் அந்தரத்தில் சிக்கிக்கொண்டனர்.

மீட்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர் அப்போது இராணுவத்தில் கர்னலாக இருந்த லீ சியன் லூங், பிற்காலத்தில் பிரதமரானவர். ஹெலிகாப்டரை அனுப்பலாமா என்பதே அன்றிரவின் பெரிய கேள்வி. அதன் இறக்கைக் காற்று, ஏற்கெனவே ஊசலாடும் பெட்டிகளை உலுக்கிவிட்டால் என்ன செய்வது? வேறு வழிகளையும் ஆராய்ந்தபின் ஹெலிகாப்டரே முடிவாயிற்று. விமானப்படையின் பெல் 212 ஹெலிகாப்டர்களிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர்கள், இருட்டில், பலத்த காற்றில், பெட்டிக்குள் நுழைந்து ஒவ்வொருவராகக் கட்டி மேலே அனுப்பினர். 13 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். சிக்கிய கப்பலை அசைத்தாலே கம்பி அறுந்துவிடும் என்ற நிலையில் இது செய்யப்பட்டது என்பதை நினைத்தால்தான் அதன் அருமை புரியும்.

விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. இயந்திரம் பழுதாகவில்லை, கம்பி நைந்துபோகவில்லை. கம்பியின் உயரமும் தெரியும், கப்பலின் உயரமும் அளக்கக்கூடியதே. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய நேரத்தில் யாரும் ஒப்பிடவில்லை. ஊர்தியை நடத்தியவர்கள் வேறு, கப்பலை நகர்த்தியவர்கள் வேறு. விபத்து இருவருக்கும் இடைப்பட்ட இடத்தில் நேர்ந்தது என்பதே என் கருத்து. அதன்பின் உயரமான கப்பல்கள் அவ்வழியே செல்லக் கட்டுப்பாடு வந்தது. வரும் கப்பலின் உயரத்தை லேசர் கதிரால் கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஏறத்தாழ 7 மாதங்களுக்குப் பின் ஊர்தி மீண்டும் ஓடியது.

1992இல் தீவுக்குத் தரைப்பாலம் திறக்கப்பட்டதும் ஊர்தியின் அவசியம் குறைந்தது. 2010இல் எட்டுப் பேர் அமரும் புதிய பெட்டிகள் வந்தன; 2015இல் தீவுக்குள்ளேயே இரண்டாவது தடம் சேர்ந்தது. எங்கள் கோபாலபுரத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகும் பெரியவர்கள் அநேகமாக எல்லாரும் இதில் ஏறிவிட்டு வருகிறார்கள்.

ஏறுபவர்கள் மவுண்ட் ஃபேபரில் தொடங்குவது நல்லது. மரங்களின் தலைக்குமேல் சரிந்து இறங்கும் பெட்டி, ஹார்பர்ஃபிரண்ட் கோபுரம் ஒன்றின் 15ஆவது மாடிக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவரும். அடுத்த நொடி காலடியில் தரை இராது, கடல்தான். இடப்பக்கம், வலப்பக்கம் என்று எல்லாரும் படம் எடுப்பார்கள். கீழே குனிந்து பார்த்தால் எனிவெட்டாக் சிக்கிய கடற்கால் அதுவே.